மலைக்கு அப்பால் பெய்யும் மழை

ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் பனிமய மாதாவின் திருநாள். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள இராயப்பன்பட்டி ஆலயம் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. உறைபனி விழாத நாட்டில் பனிமய மாதாவுக்கு ஆலயமா என்று வெளியூர் நண்பர்கள் நம்மை வியப்போடு கேட்டதுண்டு. உரோமையின் எஸ்குயிலின் குன்றின்மீது கடுங்கோடையின் நடுவே ஓரிரவில் பனி விழுந்ததென்றும், அவ்விடத்திலேயே அன்னைக்குப் பேராலயம் எழுந்ததென்றும் வழங்கும் பழைய வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். அந்தப் பக்தி கடல் கடந்து தூத்துக்குடிக்கு வந்தது, உள்நாட்டிலும் பரவியது. ஆயினும் அத்திருநாளன்று இப்பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்குபவர்க்குப் பெயர் அவ்வளவு பொருத்தமற்றதாகத் தோன்றாது. ஏலமலையின் முகடு நெடுகிலும் வெண்மேகம் பஞ்சுப் பொதிபோல் அமர்ந்திருக்கும். முகட்டைத் தாண்டி ஓரிரு பாகம் கீழிறங்கும். இறங்கியவுடன் கரைந்து மறைந்துவிடும். கீழே நிற்கும் நம்மீது வெயில் அடிக்கும். வெயிலோடு காற்றும் அடிக்கும்.

அந்தக் காற்றை அறியாதவர்கள் அன்றைய தேர்ப்பவனியை ஒருமுறை வந்து காண வேண்டும். ஏற்றிய மெழுகுதிரி நின்று எரிவதில்லை. கொடிமரத்துக் கொடி திருவிழா முடிவதற்குள் ஓரம் கிழிந்துவிடும். பல ஆண்டுகளுக்குமுன் அப்படியொரு மாலையில், கையிலிருந்த திரியை மூன்றாம் முறையாகப் பற்றவைத்துக்கொண்டே பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "மழையெல்லாம் அந்தப் பக்கம் விழுது சாமி. காத்து மட்டுந்தான் நமக்கு." இப்பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தைப் பற்றி நாம் பின்னர் படித்த நூல்கள் யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைகளாகவே நமக்குத் தோன்றியிருக்கின்றன.

நிலத்தின் அமைப்பை அறியாமல் அதன் வானிலையை அறிய இயலாது. தென்மேற்கே கூடலூரையும் லோயர்கேம்பையும் மூலையாகக் கொண்டு, வடகிழக்கே தேனியை நோக்கி விரியும் நீண்ட தொட்டில் இப்பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலைத் தொடர். அதன் முகட்டில்தான் கேரள எல்லை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். வடக்கே கொடைக்கானலைத் தாங்கும் பழனி மலைத்தொடர். கம்பம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் உள்ளது. லோயர்கேம்பிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் குமுளி வந்துவிடும். சில கல் தொலைவுதான். அந்தச் சில கல் தொலைவுக்குள் வேட்டியின் விளிம்பு நனைந்துவிடும், மூக்கில் ஏல வாசம் ஏறிவிடும், பேச்சும் மலையாளமாகிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகின்றது, ஏறும்போது குளிர்கின்றது, குளிர்ந்து மழையாகக் கொட்டுகின்றது. சுமையை இறக்கிவிட்ட கூலியாள்போல் வெறுங்கையோடு முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகின்றது. இறங்கும் காற்று ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று பாகை வெப்பம் கூடப் பெறும் என்பது இயற்பியல் விதி. எனவே முகட்டில் மேகமாக இருந்தது சரிவில் ஆவியாகிவிடுகின்றது. மழை மறைவுப் பகுதி என்று பள்ளிப் புத்தகம் சொல்வது இதைத்தான். தேனி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 830 மில்லிமீட்டர். சுவருக்கு அப்பால், பீர்மேட்டுப் பகுதியில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மலை முகடுதான் உள்ளது.

பண்டைத் தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்குக் காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் ஒரே சொல் ஏன் என்று குருமடத்தில் தமிழ் படித்த நாள்களில் நமக்கு விளங்கவில்லை. மலையாள நாட்டாருக்கு மேற்குக் காற்று மழையைக் கொண்டுவருவது. அதே காற்று மலையைத் தாண்டியபின் நம்மவர்க்கு வறண்ட காற்று. பெயர் வைத்தவர்கள் மலைக்குக் கிழக்கே நின்று பெயர் வைத்தார்கள் என்பது நமது எண்ணம்.

எனினும் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே தன்மையது என்று எண்ணிவிடலாகாது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய தாழ்ந்த கணவாய்களின் வழியே சிறிதளவு ஈரம் தப்பி இறங்கும். கூடலூர் விவசாயி ஆனி, ஆடியில் சாரலைக் காண்பார். பத்துக் கல் வடக்கே வந்தால் சாரல் தூறலாகும். சின்னமனூருக்கு வரும்போது அதுவும் இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் வெறும் புழுதி. இவ்வாறு கணவாய்களில் நெருக்குண்டு வரும் காற்றின் வேகத்தைக் கண்டுதான் பின்னாளில் ஆண்டிபட்டிச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகளை நட்டார்கள். தமிழகத்தின் காற்றாலைகளுக்கு உகந்த கணவாய்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என நான்கு என்பர். பெரியவர் குறைபட்டுக்கொண்ட காற்றுக்கும் இன்று ஒரு விலை வந்துவிட்டது.

ஆண்டு எவ்வாறு நகர்கின்றது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகின்றோம்; இம்மக்களோடு வாழ்ந்தவர்களுக்கே அது புலப்படும். வைகாசி முடியும் தறுவாயில் எல்லாருடைய கண்ணும் தென்மேற்கு மூலைக்குப் போய்விடும். மாலையில் குமுளிப் பக்கம் கறுத்தால் நல்ல சகுனம். தேநீர்க் கடையில் நாளிதழைப் பிரிப்பவர்கள் அரசியலைப் பார்ப்பதற்குமுன் அணைகளின் நீர்மட்டம் அச்சிட்ட கட்டத்தைத்தான் தேடுவார்கள். பெரியாற்று அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் முதல் நாளில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல்போகத் தண்ணீர் திறக்கப்படும். இருப்புக் குறைந்த ஆண்டில் நாள் தள்ளிப்போகும், நாற்றங்காலும் தள்ளிப்போகும், வீட்டில் நிச்சயித்த திருமணங்களும் தள்ளிப்போகும். மே மாதத்தில் திருமண ஓலை எழுத வருவோரின் எண்ணிக்கையைக் கொண்டே அவ்வாண்டு விவசாயிகள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பங்குக் குரு ஊகித்துக்கொள்ளலாம்.

ஆடியில் காற்றின் ஆட்சி. அம்மி பறக்குமோ என்னவோ, குலைதள்ளிய வாழை சாய்வதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஒரே இரவில் ஒரு தோட்டம் முழுவதும் கிழக்கு நோக்கித் தலைவணங்கிக் கிடக்கும். கடன் வாங்கி முட்டுக் கொடுத்தவர்கள் அந்தக் காலையில் கோவிலுக்கு வருவதில்லை. நாம்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் மீண்டும் வெக்கை. இரவில் எங்கோ இடி. ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறும். வங்கக் கடலிலிருந்து புறப்பட்ட மேகங்கள் மதுரைச் சமவெளியைக் கடந்து கிழக்கிலிருந்து வந்து சேரும். நம் சொந்த மழை என்று உரிமையோடு சொல்லத்தக்கது பெரிதும் இதுவே. மேகமலையில் கொட்டும் மழை சுருளி அருவியில் செந்நீராக விழும். குளிக்கத் தடை விதிப்பார்கள். மார்கழியிலும் தையிலும் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி விடியற்காலையில் மூடுபனி படரும். கிறிஸ்து பிறப்புக்கால இரவுத் திருப்பலி முடிந்து கலைபவர்களின் தலையில் துண்டுகள் ஈரமாகும். பனியின் அழகைப் பற்றித் திராட்சை விவசாயியிடம் மட்டும் பேசிவிடக் கூடாது. அவருக்கு அது அடிச்சாம்பல் நோய். மாசி, பங்குனியில் மலைப்புல் வைக்கோலாகக் காயும். இரவில் முகட்டில் நெருப்பு மாலைபோல் எரிவது தெரியும். சித்திரையில் இடியோடு இரண்டொரு கோடை மழை. பிறகு மீண்டும் தென்மேற்கு மூலை.

திராட்சையைக் குறிப்பிட்டோம். நாட்டின் பிற பகுதிகளில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே கொடி ஓய்வதில்லை. கவாத்துச் செய்து நான்கு திங்களில் குலை பழுத்துவிடுவதால், ஆண்டின் எந்த நாளில் வந்தாலும் சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். மிதமான வெப்பமும் மலையிலிருந்து வரும் நீருமே இதற்குக் காரணம். 2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இவ்வினத்தை 1832ஆம் ஆண்டளவில் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்னும் செய்தி ஏடுகளில் வெளிவந்தது. திருப்பலி இரசத்தை எண்ணித்தான் கொண்டுவந்தாரோ என்று நம் சகோதர குருக்கள் சிலர் சிரித்துக்கொண்டோம்.

இனிப் பழங்காலத்துக்குச் செல்வோம். மலைக்கு அப்பால் பெய்து, மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு முதலில் தோன்றியதன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள்களை அனுப்பி இம்மலைகளை ஆராயச் செய்தார். செலவுக்கு வழியின்றித் திட்டம் நின்றது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு, இது ஆகாத கனவு என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சிறு அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள்; மலைக்காய்ச்சல் கண்டு வேலையாட்கள் ஓடியதால் அதுவும் கைவிடப்பட்டது.

பிறகு தாது வருடம் வந்தது. 1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டின் தென்மேற்குக் காற்றும் ஏமாற்றியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். மதுரை மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியோர் பலர். இன்றும் கிராமத்து மூதாட்டிகள் அளவுக்கு மீறி உண்ணும் பிள்ளையைத் தாது வருடத்துப் பிள்ளை என்று ஏசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அந்தப் பஞ்சம்தான் பழைய திட்டத்தை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தது. 1882இல் ஜான் பென்னிகுவிக் வரைபடம் தயாரிக்கப் பணிக்கப்பட்டார். 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1887இல் வேலை தொடங்கிற்று. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். தேக்கடியில் மலையைக் குடைந்த ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கத்தின் வழியே, மேற்கே ஓட வேண்டிய நீர் கிழக்கே இறங்கி வைரவனாற்றில் சேர்ந்து, முல்லையாறாகப் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையோடு கலந்தது.

இணைச்சட்ட நூலின் 11ஆம் அதிகாரத்தில் மோசே இரண்டு நாடுகளை ஒப்பிடுவதை வாசகர்கள் நினைவுகூரலாம். விதைத்தபின் மனிதன் தானே பாடுபட்டு நீர் பாய்ச்சும் எகிப்து ஒருபுறம். வானத்து மழையையே குடித்து வாழும் மலையும் பள்ளத்தாக்குமான வாக்களிக்கப்பட்ட நாடு மறுபுறம். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது இரண்டிலொன்றாகத்தான் எந்த நாடும் இருக்க முடியும் என்று எண்ணினோம். கம்பம் பள்ளத்தாக்கு இரண்டிலும் அடங்காது. மலையும் பள்ளத்தாக்கும் உண்டு, வானத்து மழை போதாது. வாய்க்கால் உண்டு, அதில் வருவதோ பிறருடைய வானத்திலிருந்து விழுந்த மழை. 1895க்குப் பின் இம்மக்கள் தங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து வாழவில்லை. முகட்டுக்கு அப்பாலுள்ள வானத்தையும் பார்த்து வாழ்கின்றனர்.

பென்னிகுவிக்கின் படம் இங்குப் பல வீடுகளில் தெய்வப் படங்களோடு மாட்டப்பட்டுள்ளது. அவரது பிறந்தநாளாகிய ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கின்றனர்; லோயர்கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. சொந்தச் சொத்தை விற்று அவர் அணை கட்டினார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். திட்டத்துக்குப் பணம் தந்தது மாகாண அரசின் கருவூலம் என்பதை மெல்லச் சொன்னால் நம்மைக் கோபித்துக்கொள்கின்றனர். அம்மனிதரின் உறுதியைப் போற்றுவதற்கு அக்கதை தேவையில்லை. வெள்ளம் வேலையை அடித்துச் சென்றபின்னும் மீண்டும் மீண்டும் தொடங்கினாரே, அது போதும். நமக்குள்ள மனக்குறை வேறு. அக்காட்டில் காய்ச்சலாலும் காலராவாலும் இறந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர். கணக்கில் ஏறியவர்களே 483 பேர் என்பர். அவர்களில் ஒருவர் பெயரேனும் நம் மக்களுக்குத் தெரியாது. இறந்த விசுவாசிகள் நினைவு நாளாகிய நவம்பர் 2இல் அந்த 483 பேருக்கும் சேர்த்து ஒரு திருப்பலிக் கருத்தை ஆண்டுதோறும் நாம் ஒப்புக்கொடுத்து வருகின்றோம். அவர்கள் எம்மதத்தவர் என்று நம்மிடம் யாரும் கேட்டதில்லை.

அதே பஞ்சத்துக்கு மற்றொரு பிள்ளையும் உண்டு. அது பள்ளத்தாக்கின் வடக்கு எல்லையில், மலைமேல் இருக்கின்றது. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு அன்று கால்நடைப் பாதைதான். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்கச் சபை மிஷனரிகள் 1845இல் அவ்வழியே ஏறிச்சென்று முதல் வீடுகளைக் கட்டினர். 1860களில் இயேசு சபைக் குரு லூயி சேன் சிர் அங்கே சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். மலைக்குளிர் அவர்களுக்கு மருந்தாக இருந்தது. பஞ்சத்துக்குப் பின்னர் வேறொரு தேவைக்காக அம்மலையைத் தேடி வந்தனர். சூரியனில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். தொடர்பைக் கண்டறிந்தால் அடுத்த பஞ்சத்தை முன்னரே அறியலாம் அன்றோ! மேகத்துக்கு மேலே நின்று சூரியனைக் காண 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அதே வென்லாக் பிரபுதான். நாட்டியதும் அதே 1895 அக்டோபரில்தான்.

சூரியப் புள்ளிகள் மழையின் இரகசியத்தைச் சொல்லவில்லை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, புள்ளிகளால் பெரும்பயன் இல்லை என்று கண்டார். ஆனால் அவர் தேடலின் நடுவே வேறொன்று அகப்பட்டது. பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகின்றது. இவ்வூசலாட்டத்தோடு நம் பருவமழையும் ஆடுகின்றது. எல் நினோ என்று இன்று செய்திகளில் கேட்கும் பெயர் இதனோடு இணைந்ததே. தாது வருடப் பஞ்சத்தின்போதும் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்தது என்று இக்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். கூடலூர் விவசாயியின் நாற்றங்காலை அவர் பெயரறியாத ஒரு கடல் தீர்மானிக்கின்றது.

அணையின் வழக்கு வரலாற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நாளிதழ்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. 152 அடி வரை நீர் தேக்கிய அணையில், பாதுகாப்பு ஐயத்தால் 1979இல் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. இடையில் 2011 டிசம்பரில் எல்லையில் நடந்தவை மட்டும் நம் நெஞ்சில் நிற்கின்றன. நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, இருட்டியபின் திரும்பும் நம் பங்குப் பெண்கள் அந்நாள்களில் மலையேறவில்லை. அங்கேயே குடியிருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கி வந்தனர். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களில் வாழ்பவர்களும் ஏழைகள்தாம். அவர்களிலும் தமிழர் மிகுதி. மேற்கே கறுத்தால் நம் முகம் மலர்கின்றது. அதே கறுப்பைக் கண்டு அவர்கள் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு விழித்திருக்கின்றனர். ஒரே மேகந்தான்.

2018ஆம் ஆண்டு இதனை நமக்கு மறக்கவொண்ணாதபடி கற்பித்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்திருந்தது. மறு ஆண்டும் நாம் மழைக்காகச் செபமாலைப் பவனி நடத்தினோம். 2018 மார்ச் 11, தவக்காலத்து ஞாயிறு. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு, மலையேற வந்திருந்த இளைஞர் கூட்டத்தைச் சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். மாசிக் காற்று சரிவில் நெருப்பை எவ்வளவு விரைவாக ஏற்றும் என்பதை இங்குள்ள மாடு மேய்ப்பவர்கள் அறிவர். நகரத்துப் பிள்ளைகள் அறியார். அதே மலைகளில் அவ்வாண்டே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி அரும்பியிருந்தது. அது விரியும் வேளையில் மழை தொடங்கியது. ஆகஸ்டு 15, விண்ணேற்பு அன்னையின் பெருவிழா. அன்றே அணை 142 அடியைத் தொட்டது.

பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். நன்றித் திருப்பலி வேண்டும் என்று விவசாயிகள் சிலர் அறைவீட்டுக்கு வந்தனர். இரண்டு ஆண்டுகள் நம்மோடு வெயிலில் வெறுங்காலோடு பவனி வந்தவர்கள். கேட்பதற்கு முழு உரிமையுடையவர்கள். ஆனால் அதே பிற்பகலில் இடுக்கியிலிருந்து ஒரு சகோதர குரு தொலைபேசியில் பேசினார். அவருடைய பங்கில் மலை சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போயிருந்தன, கோவில் மண்டபத்தில் மக்களைத் தங்கவைத்திருந்தார், அரிசி கேட்டார். அம்மழையில் கேரளமெங்கும் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பின்னர்த் தெரிந்தது. நாம் எந்த மழைக்காக மன்றாடினோமோ அந்த மழை அது. நாம் சொன்ன மன்றாட்டுச் சொற்களில் மலைக்கு அப்பால் இருப்போரைக் குறித்து ஒரு சொல்லும் இருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

வந்தவர்களிடம் செய்தியைச் சொன்னோம். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், முதல்போக நெல் இன்னும் அறுவடையாகவில்லை, பழைய இருப்பு நாலைந்து மூட்டை இருக்கிறது என்றார். இன்னொருவர் வாழைத்தார் தருவதாகச் சொன்னார். எல்லைப் பாதை திறந்திருக்கிறதா, சரிவு எங்கே விழுந்திருக்கிறது, கம்பம்மெட்டு வழியாக வண்டி போகுமா என்று பேச்சு திசைமாறியது. திருப்பலியும் நடந்தது. நன்றி என்று அறிவித்தோமா, மன்றாட்டு என்று அறிவித்தோமா என்பது நம் நினைவில் இல்லை. இரண்டும் கலந்திருக்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் பருவத்தின் நடை மாறிவருவதாக முதியவர்கள் கூறுகின்றனர். 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஏலமலையில் மழையின்றி ஏலச்செடிகள் பேரளவில் கருகின. ஜீப்புகள் வெறுமனே நின்றன. மலைக்கு அப்பாலுள்ள வறட்சி நம் பங்குப் பெண்களின் கூலியைக் கொண்டுபோயிற்று. பெய்தால் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகின்றது என்றும், சாரல் என்று சொல்லும்படியாக நின்று நனைப்பது அரிதாகிவிட்டதென்றும் கூடலூரார் சொல்கின்றனர்.

திரியை மூன்றாம் முறை பற்றவைத்த அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவருடைய மகன் சென்ற ஆண்டு வைகாசியில் நம்மைக் காண வந்தார். மேற்கே பார்த்துக்கொண்டே, "குமுளிப் பக்கம் கறுத்திருக்கு சாமி" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்க கூட்டாளி சாமி அங்க எப்படி இருக்காங்க, ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றார்.